மூன்று இழை

ஊஞ்சக்காட்டு டிரான்ஸ்பார்மரை எரித்தது செங்கோடன்தான். அதில் அவனுக்கே சந்தேகம் இல்லை. செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, இரண்டு கம்பங்களுக்கு நடுவே கட்டிய இரும்புச் சட்டத்தில் குரங்கு மாதிரி குந்திக்கொண்டு, தன் கையாலேயே அதற்குச் சாவுச்சீட்டு எழுதினான். எழுதும்போது சீட்டி வேறு அடித்துக்கொண்டிருந்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

டிரான்ஸ்பார்மருக்கு மேலே ஆட்டுக்கொம்பு போல எதிரெதிராக வளைந்த கொம்புகள் மூன்று ஜோடி. ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவே மயிரிழை மாதிரி ஒரு கம்பி. லோடு மீறிப்போனால் அந்தக் கம்பி முதலில் உருகி அறுந்துவிடும், டிரான்ஸ்பார்மர் தப்பித்துக்கொள்ளும். வெள்ளைக்காரன் காலத்து ஏற்பாடு. கீழ்ப்பக்கம் பீங்கான் ப்யூஸ் கட்டைகள் என்று இன்னொரு காவலும் உண்டு. ஊஞ்சக்காட்டில் அவை உடைந்து ஒன்றரை வருடமாகிறது. புதுசு கேட்டு ஸ்டோருக்கு எழுதிய காகிதத்துக்குப் பதில் வரவில்லை. வயரை நேராகவே முறுக்கிவிட்டார்கள். ஆக, மிச்சமிருந்த காவல்காரன் கொம்புக்கு நடுவே இருந்த அந்த மயிரிழை ஒன்றுதான்.

பங்குனி பிறந்ததிலிருந்து அது தினமும் செத்துக்கொண்டிருந்தது. மத்தியானம் பம்ப்செட்டுக்கான த்ரீ பேஸ் கரண்ட் வந்த அந்த விநாடியே ஊஞ்சக்காட்டின் இருபத்தேழு மோட்டாரும் ஒன்றாக உறுமும். கம்பி படாரென்று போகும். அடுத்த நிமிடம் செங்கோடனின் போன் அடிக்கும். முறையான கம்பி உருண்டை மாசியிலேயே தீர்ந்துவிட்டதால், பழைய கேபிளை உரித்து அதன் இழைகளைத்தான் கட்டிக்கொண்டிருந்தான்.

"ஏப்பா செங்கோடா, இன்னிக்காச்சும் பொழுதுக்கும் நிக்குமா?" கீழேயிருந்து கேட்டார் சின்னண்ணன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் மரவள்ளிக் காடு அவருடையது.

"நிக்குமுங்க. நிக்காட்டி நானே கொம்புக்கு நடுவுல படுத்துக்கறன்."

"நீ படுத்தா ஒரு நிமிசந்தான் நிக்கும்."

"அந்த ஒரு நிமிசத்துல உங்களுக்கு ஒரு பாத்தி பாஞ்சுருமுங்களே."

சின்னண்ணன் சிரிக்கவில்லை. தண்ணீர் இல்லாதவனுக்குச் சிரிப்பு வராது.

லைனைத் துண்டிக்கும் ஏபி சுவிட்சின் கைப்பிடியை இறக்கிப் பிடித்தபடி லைன்மேன் வேலுமணி நின்றிருந்தார். மின்வாரிய ஆபீஸ் கணக்கில் மேலே ஏற வேண்டியவர் அவர்தான். முழங்கால் மடங்காமல் போய் எட்டு வருடம். அவருக்கு முழங்காலாக, முதுகாக, கையெழுத்தைத் தவிர மற்ற எல்லாமாக இருப்பவன் செங்கோடன். ஆபீசில் அவனை 'நம்ம பையன்' என்பார்கள். பையனுக்கு வயது நாற்பத்து மூன்று. பையனின் மகள் பிளஸ் டூ படிக்கிறாள்.

"எத்தன இழைடா?" என்றார் வேலுமணி.

வெயில் காலத்தில் ஒன்றுக்குப் பதில் இரண்டு இழை என்பது எழுதாத சட்டம். எல்லா லைனிலும் நடப்பதுதான். சீக்கிரம் அறுந்துபோகாமல் இருக்கச் செங்கோடன் மூன்றை முறுக்கிக்கொண்டிருந்தான். சேலம் பஸ் பதினொன்றே காலுக்கு. போகிற இடத்தில் காரியம் முடியும்வரை போன் வரக்கூடாது.

"உங்க கண்ணுக்கு எத்தன தெரியுதுங்கண்ணா?"

வேலுமணி புருவத்தின் மேல் கை வைத்து அண்ணாந்து பார்த்தார். நன்றாகத்தான் பார்த்தார்.

"இந்த வெய்யல்ல ஒண்ணுமே தெரியலடா. எறங்கு, பஸ்சு போயிரும்."

சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒப்பந்தத் தொழிலாளர் சங்க ஆபீஸ். மாடிப்படியிலேயே வரிசை நின்றது. எல்லோர் கையிலும் பிளாஸ்டிக் கவர். செங்கோடன் கையிலும் இருந்தது; அதற்குள் ரேஷன் கார்டு, ஆதார், கம்பத்தில் தொங்கியபடி எடுத்த நாலு போட்டோ. பத்து வருடத்துக்கு மேல் ஒப்பந்தத்தில் வேலை பார்த்தவர்களை நிரந்தரமாக்கச் சொல்லி சங்கம் போட்ட வழக்கில், பெயர்ப் பட்டியல் கொடுக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

மேசைக்குப் பின்னால் சிவக்குமார் என்கிற சங்கத்துக்காரர், மதியச் சோறு திறக்கப்படாமல் பக்கத்தில் இருக்க, மனுவைப் புரட்டினார்.

"எத்தன வருசமுங்க?"

"பதனெட்டுங்க."

"யாரு சொல்றாங்க?"

"நானே சொல்றனுங்க."

"நீங்க சொன்னாப் பத்தாதுங்க. காயிதம் சொல்லோணும்."

செங்கோடன் போட்டோக்களை எடுத்து வைத்தான். சிவக்குமார் அவற்றைச் சீட்டுக்கட்டு மாதிரி அடுக்கித் திருப்பிக் கொடுத்தார். "போன தடவையே இதெல்லாம் தள்ளுபடி ஆயிருச்சுங்க. கம்பத்துல யாரு வேணாலும் ஏறி போட்டோ புடிச்சுக்கலாமுன்னு சொல்லிட்டாங்க."

செங்கோடன் சட்டைக் கையை மடித்து முழங்கையைக் காட்டினான். தோல் உரித்த மரவள்ளிக் கிழங்கு நிறத்தில் ஒரு சாண் நீளத் தழும்பு. "இது லைன்ல வாங்குனதுங்க. உசுரோட திரும்பி வந்தது எங்க குலசாமி புண்ணியம்."

"தழும்புக்கு முத்திரை இல்லீங்களே," என்றார் சிவக்குமார். கேலியாகச் சொல்லவில்லை, அவர் குரலும் இறங்கித்தான் இருந்தது. "ஆபீஸ் முத்திரை ஒண்ணு, அதிகாரி கையெழுத்து ஒண்ணு, நடுவுல உங்க பேரு. பாராட்டி எழுதியிருந்தாலும் சரி, வஞ்சு எழுதியிருந்தாலும் சரி. வெள்ளிக்கெழம அஞ்சு மணிக்குள்ள கொண்டாங்க."

போன் அடித்தது. வேலுமணி.

"கக்கிருச்சுடா," என்றார். பின்னால் ஊர்ச்சத்தம் கேட்டது. "எண்ணையெல்லாம் கக்கிருச்சு."

அவன் ராசிபுரத்தில் பஸ் மாறி ஊஞ்சக்காட்டில் இறங்கியபோது மணி ஐந்தரை. டிரான்ஸ்பார்மரின் வயிறு வெடித்து, கறுப்பு எண்ணெய் மண்ணில் வண்டித்தடம் வரை ஓடியிருந்தது. தீய்ந்த வெங்காயத் தாளிப்பு மாதிரி ஒரு நாற்றம். மேலே கொம்புகளுக்கு நடுவே அவன் கட்டிய மூன்று இழையும் முறுக்குக்கூடக் கலையாமல் அப்படியே இருந்தன. சாக வேண்டியது உயிரோடு இருந்தது. பிழைக்க வேண்டியது செத்துக் கிடந்தது.

ஊர் முழுக்கக் கூடியிருந்தது. வேலுமணியைப் பாலத்துத் திண்டின் மேல் உட்கார வைத்து, சுற்றி நாலு பேர் நின்றிருந்தார்கள். அவர் வண்டிச் சாவி சின்னண்ணனின் இடுப்பில் இருந்தது.

"புது டிரான்ஸ்பார்மர் எப்பன்னு பதில் வாரவரைக்கும் இவரு எங்க விருந்தாளி," என்றார் சின்னண்ணன். "குடிக்கத் தண்ணியில்ல. கறக்கற மாடு ஒம்பது கட்டுத்தரையில கத்திட்டுக் கெடக்குது. போன வருசம் ஒண்ணு எரிஞ்சதுக்குப் பதனாறு நாளு காக்க வெச்சீங்க. இந்த வருசம் காத்திருந்தா காட்டுல ஒரு குச்சி மிஞ்சாது."

வேலுமணி மடங்காத காலை நீட்டி, இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்திருந்தார்.

செங்கோடன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனான்.

"அவர உடுங்க. மூணு இழை போட்டது நாந்தானுங்க. என்னையப் புடிச்சு வெய்யுங்க."

யாரோ கெட்ட வார்த்தை ஒன்றை மென்று விழுங்கினார்கள். சின்னண்ணன் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ அக்கட்டால போ சாமி," என்றார் சலிப்பாக. "உன்னையப் புடிச்சு வெச்சா எவன் தேடி வருவான்?"

கூட்டத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். செங்கோடனும் சேர்ந்து சிரித்தான், பழக்க தோஷம்.

பொழுது சாயும் நேரத்தில் ஆபீசின் உதவிப் பொறியாளர், ஏஈ மேடம், போனில் சின்னண்ணனிடம் பேசி, மூன்று நாளில் புது டிரான்ஸ்பார்மர் என்று வாக்குக் கொடுத்தாள். சாவியும் வேலுமணியும் விடுதலையானார்கள்.

வீட்டில் மனைவி வெண்ணிலா அப்போதுதான் தறிப்பட்டறையிலிருந்து வந்திருந்தாள். தலையிலும் புருவத்திலும் பஞ்சு. அவன் நடந்ததையெல்லாம் சொன்னான். வழக்கம்போல் சிரிக்கச் சிரிக்கத்தான் சொன்னான். 'எவன் தேடி வருவான்' என்ற இடத்தில் மட்டும் சிரிப்பை விட்டுவிட்டான். அவள் முகம் கழுவுவதை நிறுத்தினாள்.

"ஏனுங்க, டிரான்ஸ்பார்மர எரிச்சா ஆபீசுல என்ன பண்ணுவாங்க?"

"மெமோ குடுப்பாங்க."

"அதுல பேரு போட்டிருக்குமா?"

"பின்ன, மெமோன்னா..." செங்கோடன் பாதியில் நிறுத்தினான்.

"முத்திரை?"

"இருக்கும்."

"அப்பறமென்ன," என்றாள் வெண்ணிலா. "போய் வாங்கிட்டு வாங்க."

புதன்கிழமை காலை அவன் மகளை உட்கார வைத்து, கோடு போட்ட தாளில் எழுத வைத்தான். 'ஐயா/அம்மா, நான் மேற்படி அலுவலகத்தில் பதினெட்டு வருடமாகப் பணிபுரியும் செங்கோடன் என்பவன். ஊஞ்சக்காட்டு டிரான்ஸ்பார்மரில் ஒரு இழை கட்ட வேண்டிய இடத்தில் மூன்று இழை கட்டியது நான். அதனால்தான் அது எரிந்தது. என் மீது தக்க நடவடிக்கை எடுத்து, அதை எழுத்து மூலமாகத் தெரிவிக்கும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.' அடியில் கையெழுத்துப் போடும்போது கல்யாணப் பத்திரிகையில் பெயர் பார்ப்பது போல ஒரு கூச்சம் அவனுக்கு.

ஏஈ மைதிலி ஆத்தூர்க்காரப் பெண். வேலைக்கு வந்து எட்டு மாதம். செங்கோடனை 'அண்ணா' என்பாள்; கூப்பிடுவதெல்லாம் போனில்தான், எழுதி எதுவும் அனுப்ப மாட்டாள். அது அவள் கற்றுக்கொண்டதல்ல, நாற்காலியோடு வந்தது. கடிதத்தை இரண்டு தரம் படித்தாள்.

"யாருண்ணா எழுதுனது? கையெழுத்து அழகா இருக்கு."

"மவளுங்க. மெமோ இன்னிக்கே குடுத்தீங்கன்னா நல்லதுங்க மேடம்."

"பாக்கலாண்ணா," என்று அதை மடித்து மேசை இழுப்பறையில் வைத்தாள்.

அவன் வெளியே வந்ததும் வேலுமணி அவன் தோளைப் பிடித்து, ஆபீசுக்குப் பின்னால் பழைய கம்பிச் சுருள்கள் குவித்த இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"என்னடா எழுதிக் குடுத்த?"

"உள்ளதத்தானுங்க."

"உள்ளது!" வேலுமணியின் குரல் கீச்சிட்டது. "உன்ற பேரு அதுல வந்தா மொதக் கேள்வி என்ன தெரியுமா? எரிச்சது யாருன்னு கேக்க மாட்டாங்க. ஏத்திவுட்டது யாருன்னுதான் கேப்பாங்க. ஆனிக் கடைசில ரிட்டயர்டுடா நானு. மூணே மாசம். இப்ப சஸ்பெண்டுல வெச்சா பென்சன் நின்னுபோயிரும். உங்கக்கா வாரத்துல ரெண்டு நாளு டயாலிசிஸ்ல கெடக்கறது தெரியுமா தெரியாதா?"

தெரியும். வேலுமணியின் மனைவியை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் ஏற்றி இறக்குவதே செங்கோடன்தான்.

"எனக்கும் வெள்ளிக்கெழம கெடுங்கண்ணா. இத உட்டா வேற வழியில்ல."

"இந்தப் பதனெட்டு வருசத்துல நீ ஏறுன ஒவ்வொரு கம்பத்துக்கும் லாக்புக்குல நாந்தாண்டா கையெழுத்துப் போட்டன். செவ்வாக்கெழமைக்கும் போட்டுட்டன். ஏறுனது வேலுமணி, கட்டுனது வேலுமணி."

செங்கோடன் ஒரு கம்பிச் சுருளின் மேல் உட்கார்ந்தான். "அப்ப எரிச்சதும் நீங்கதானுங்களா?"

வேலுமணி அதுவரை அந்தப் பக்கத்திலிருந்து யோசித்திருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. வேர்த்தது. சட்டைப் பையில் கைவிட்டு எதையோ தேடினார். எதுவும் கிடைக்காமல் வெறுங்கையை எடுத்தார்.

மைதிலி சன்னலிலிருந்து இருவரையும் கூப்பிட்டாள். பெரிய ஆபீசிலிருந்து போன் வந்திருந்தது. எரிந்ததற்குக் காரணம் எழுதி, போட்டோவோடு ரிப்போர்ட் அனுப்பினால்தான் புதுசை லாரியிலிருந்து இறக்க உத்தரவு வரும். கீழ்ப்பக்கம் ப்யூஸ் கட்டையே இல்லாமல் ஒன்றரை வருடம் ஓட்டியது ரிப்போர்ட்டில் வந்தால் அவளுக்கும் சேர்த்துத்தான் மெமோ.

"மயிலுன்னு எழுதீரலாமுங்க மேடம்," என்றார் வேலுமணி. குரலில் உயிர் திரும்பியிருந்தது. "ஊஞ்சக்காட்டுல மயிலுக்கா பஞ்சம்? ரெக்கைய விரிச்சு ரெண்டு லைன்லயும் பட்டுருச்சுன்னு போட்டரலாம்."

"மயில்னா வனத்துறைக்கு லெட்டர் போகணும். வந்து பாப்பாங்க. போஸ்ட்மார்ட்டம் பண்ணுவாங்க."

"அப்ப காக்காயிங்க?"

மைதிலி பேனாவை மூடித் திறந்தாள். "காக்காய யாரும் கேக்க மாட்டாங்க. ஆனா போட்டோ வேணும்." பிறகு செங்கோடனைப் பார்த்தாள். பார்த்துவிட்டு மேசையைப் பார்த்தாள். "அண்ணா..."

வேலுமணியும் அவனைப் பார்த்தார். கேட்கவில்லை, பார்க்க மட்டும் செய்தார்.

"எத்தன கிலோவுங்க மேடம் வேணும்?" என்றான் செங்கோடன்.

செத்த காக்கையைத் தேடுகிறவனுக்குத்தான் தெரியும், நாட்டில் எல்லாக் காக்கையும் எவ்வளவு ஆரோக்கியமாக இருக்கிறது என்று. வியாழக்கிழமை விடிந்ததிலிருந்து மொபெட்டில் நாலு கறிக்கடை, இரண்டு குப்பைமேடு, ஒரு சந்தை பார்த்தான். எங்கே போனாலும் உயிருள்ளவை அவனைத் தலை சாய்த்துப் பார்த்தன. கடைசியில் ஒரு கோழிப்பண்ணையின் பின்பக்கக் குழியில், செத்த கோழிகளுக்கு நடுவே ஒன்று கிடைத்தது. விறைத்திருந்தது, கண்ணில் எறும்பு. எறும்பை ஊதிவிட்டு, தினசரித் தாளில் சுற்றி, கட்டிங் பிளேயரோடு பையில் வைத்துக்கொண்டான்.

ஊஞ்சக்காட்டில் லாரி வந்து நின்றிருந்தது. புது டிரான்ஸ்பார்மர் சாம்பல் நிறத்தில், கட்டிய கயிறு அவிழ்க்கப்படாமல் அதன் மேல் உட்கார்ந்திருந்தது. லாரி நிழலில் சின்னண்ணனும் முப்பது பேரும். மூன்றாம் நாள். யாரும் கத்தவில்லை, கத்தினால்கூடத் தேவலை என்றிருந்தது. ஒருவர் கையில் கடப்பாரை. குழி தோண்டத்தான் கொண்டுவந்தேன் என்று கேட்காமலே சொன்னார்.

"எறக்கறக்கு என்னப்பா சடங்கு?" என்றார் சின்னண்ணன்.

"ஒரு போட்டோ புடிக்கோணுமுங்க."

"எரிஞ்ச பொணத்துக்கா?"

வேலுமணி சுவிட்சின் கைப்பிடியை இறக்கினார். பிறகு திரும்பி நின்று, லைட்டரால் காக்கையின் ஒரு சிறகைக் கருக்கினார். முடி பொசுங்கும் நாற்றம் வந்தது. செங்கோடன் அதைக் காலைப் பிடித்து வாங்கி, பையைத் தோளில் மாட்டி, எண்ணெய்ப் பிசுக்கில் வழுக்கி வழுக்கி மேலே ஏறினான். முதலில் மூன்று இழையையும் பிரித்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டான். கட்டும்போது ஆன நேரத்தைவிடப் பிரிக்க அதிக நேரம் ஆயிற்று. அந்த இடத்தில், ஆபீஸ் முழுக்கத் தேடி மைதிலி கொண்டுவந்திருந்த முறையான கம்பியில் ஒரு துண்டை, நடுவில் அறுந்த மாதிரி தொங்கவிட்டான். பிறகு காக்கையைக் கொம்புக்குக் கீழே சட்டத்தில் சாய்த்து வைத்தான். அது சரிந்தது. மறுபடி வைத்தான். மறுபடி சரிந்தது.

"பிடிச்சுக்கங்கண்ணா," என்றாள் மைதிலி, கீழிருந்து போனை உயர்த்தியபடி. "ஆனா கை தெரியுது."

கையை நகர்த்தினான்.

"விரல் தெரியுது."

பீங்கானுக்குப் பின்னால் விரலை ஒளித்துக்கொண்டான்.

"இப்ப உங்க நிழல் விழுது. கொஞ்சம் பின்னால சாயுங்க. இன்னும். இன்னும் கொஞ்சம்."

செங்கோடன் இடது கையால் கம்பத்தைக் கட்டிக்கொண்டு, பிடிமானம் இருக்கும்வரை பின்னால் சாய்ந்தான். அடியில் முப்பது முகங்கள் அண்ணாந்திருந்தன. போன் நாலு தடவை கிளிக்கென்றது.

"நல்லா வந்துருக்குண்ணா. அனுப்பிட்டேன். எறங்குங்க."

லாரி டிரைவர் கயிற்றை அவிழ்க்கப் போனான். கூட்டம் எழுந்தது. செங்கோடன் இறங்கவில்லை.

"மேடம்."

"சொல்லுங்கண்ணா."

"நாளைக்கு வெள்ளிக்கெழமைங்க. நான் குடுத்த அந்த லெட்டரு..."

"பாக்கலா..."

"பாக்கலாமுன்னு சொல்லாதீங்க மேடம்." அவன் குரல் உயரவில்லை, ஆனால் கயிற்றைப் பிடித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். "உங்களுக்கு முன்னால ஏழு ஏஈ இருந்தாங்க. ஏழு பேரும் அதத்தான் சொன்னாங்க. ஆபீசுல எதுலயாச்சும் என்ற பேரு இருக்குதுங்களா? இல்லீன்னா இனிமேட்டு வருமுங்களா? இருக்குது, இல்ல, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. எது சொன்னாலும் எறங்கி வந்து புதுச ஏத்திக் குடுத்துட்டுத்தான் போவன்."

வேலுமணி கைப்பிடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். மைதிலி சின்னண்ணனைப் பார்த்தாள், லாரியைப் பார்த்தாள். போனைக் கைப்பைக்குள் வைத்தாள். பிறகு நெற்றியில் கை வைத்து அண்ணாந்து, அந்த எட்டு மாதத்தில் முதல்முறையாக அவன் கண்ணைப் பார்த்துப் பேசினாள்.

"இல்லண்ணா. எதுலயும் இல்ல. இனிமேலும் வராது. உங்க லெட்டர நேத்தே கிழிச்சுட்டேன். ஆபீஸ் ரிக்கார்டுப்படி நீங்க ஒரு நாள்கூட மேல ஏறுனதே இல்ல."

கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொன்ன அதிகாரி. அதற்காகவாவது ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கலாமென்றால், தரைக்குப் பதினாலு அடிக்கு மேலே, அவனுடைய ஒரு கையில் கம்பம் இருந்தது, இன்னொரு கையில் காக்கை.